அரிசிப் பொதியும் மனச்சாட்சியும்

மண் சரிந்த இடத்துக்கு முதலில் ஓடி வருகிறவர்கள் பக்கத்துத் தோட்டத்து மக்கள். மண்வெட்டியோடும் கயிற்றோடும் வருவார்கள். இராணுவம், பிரதேச செயலகம், தொழிற்சங்கத் தலைவர், தொலைக்காட்சி எல்லாம் அதன் பின்புதான். மறுநாள் தொடக்கம் லொறிகள் வரும். விகாரையிலிருந்து சமைத்த சோறு, பள்ளிவாசலிலிருந்து உலர் உணவு, கோயில் சபையிலிருந்து சேலையும் பாயும், எமது பங்குகளிலிருந்து பால்மாவும் மருந்தும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது இப்படித்தான் நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழைக்கு மலைநாட்டுச் சரிவுகள் மறுபடி இடிந்தபோதும் இப்படித்தான். அந்த முதல் வாரத்தில் யாரும் யாரிடமும் மதம் கேட்பதில்லை.

சிக்கல் தொடங்குவது நான்காவது வாரத்தில். அப்போது லொறிகள் குறைந்துவிடும். படம் பிடித்தவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். முகாம் மட்டும் கலையாது. மீரியபெத்தைக் குடும்பங்கள் பாடசாலைகளில் தங்கி, பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இடம் கொடுக்கப்பட்டு, 2016 ஒக்டோபரில் மாகல்தெனியவில் வீடுகள் கையளிக்கப்படும்வரை ஏறக்குறைய இரண்டு வருடங்கள் காத்திருந்தன. இத்தகைய நீண்ட காத்திருப்பின்போதுதான் கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இடையில் வேறொரு கொடுக்கல் வாங்கல் புகுந்துவிடுகிறது. இதைப் பற்றித்தான் இம்முறை எழுத விரும்புகிறோம். எமது வாசகர்களில் பெரும்பாலோர் அந்த வரிசையில் நின்றவர்கள். சிலர் இன்னும் நிற்கிறவர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுவோம்.

முகாம்களில் நாம் கண்டதும் கேட்டதும் ஏராளம். எந்த முகாம், எந்தச் சபை என்று குறிப்பிடப் போவதில்லை. ஏனெனில் ஒரு சபையின் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் எல்லாம் தப்பிவிடுவார்கள். ஜெபக்கூட்டம் முடியும்வரை இருந்தவர்களுக்கு மட்டும் பொதி. பாடசாலைக் கொப்பிகளோடு சேர்த்து, பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு. "உங்கள் சாமி காப்பாற்றவில்லையே, பார்த்தீர்களா?" என்று பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாயிடம் ஒரு கேள்வி. மறுபக்கமும் உண்டு. ஒரு வருடத்துக்கு முன்பு சபைக்குப் போகத் தொடங்கிய குடும்பத்தைக் காட்டி, "இவர்கள் அம்மனைக் கைவிட்டதால்தான் மலை இடிந்தது" என்று முகாமுக்குள்ளேயே பேச்சுக் கிளம்பியதும் உண்டு. அந்தக் குடும்பம் பொதுச் சமையலில் இருந்து ஒதுங்கி, மூலையில் மூன்று கல் வைத்துத் தனியே உலை ஏற்றியது. இரண்டுமே ஒரே அநியாயத்தின் இரண்டு முகங்கள் என்பது எமது எண்ணம்.

சட்டம் போட்டால் தீருமா?

இந்த அநியாயத்தின் ஒரு முகத்தைச் சட்டத்தால் தடுக்க எமது நாட்டில் ஒரு முயற்சி நடந்தது. 2003 டிசெம்பரில் வண. கங்கொடவில சோம தேரர் ரஷ்யாவில் காலமானார். மதமாற்றத்தை வெளிப்படையாகக் கண்டித்து வந்தவர் அவர். மரணத்தில் சதி இருக்கிறது என்ற வதந்தி பரவியது. தேவாலயங்கள் பல தாக்கப்பட்டன. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஜாதிக ஹெல உறுமய சார்பில் பிக்குமார் பாராளுமன்றம் சென்றார்கள். பலவந்த மதமாற்றத்தைத் தடை செய்யும் சட்டமூலம் 2004 மே 28ஆம் திகதி வர்த்தமானியில் வெளியாகி, ஜூலையில் வண. ஓமல்பே சோபித தேரரால் சபையில் முன்வைக்கப்பட்டது.

அந்தச் சட்டமூலத்தை முகாமில் இருப்பவரின் கண்ணோடு வாசித்துப் பார்க்க வேண்டும். பலவந்தமாகவோ, ஆசைகாட்டியோ, ஏமாற்றியோ மதம் மாற்றுவது குற்றம் என்றது அது. இந்தளவில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் ஆசைகாட்டல் என்பதற்குள் பணம், பரிசு, எந்தவிதமான பொருள் உதவி, வேலை, வேலை உயர்வு எல்லாம் அடங்கின. மதம் மாறியவரும், அந்தச் சடங்கை நடத்தியவரும் பிரதேச செயலாளருக்கு அறிவிக்க வேண்டும். குற்றத்துக்கு ஐந்து வருடச் சிறை, ஒன்றரை இலட்சம் ரூபா தண்டம். மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ சிறுவராகவோ இருந்தால், அல்லது அட்டவணையில் குறிப்பிட்ட வகையினராக இருந்தால், ஏழு வருடமும் ஐந்து இலட்சமும். அந்த அட்டவணையில் யார் யார்? சமுர்த்தி உதவி பெறுவோர், சிறையில் இருப்போர், உடல் உளக் குறைபாடு உள்ளோர், மருத்துவமனை நோயாளிகள், மாணவர், அகதி முகாமில் இருப்போர். எமது வாசகர்களில் பலருக்கு அந்தப் பட்டியலில் இரண்டு மூன்று இடங்கள் கிடைத்திருக்கும்.

இதை வரைந்தவர்கள் தமது பக்கத்தில் நியாயம் இருப்பதாகவே எண்ணியிருப்பார்கள். பசித்தவனை ஏமாற்றுவது இலகு. ஆகவே பசித்தவனை ஏமாற்றுகிறவனுக்குக் கூடிய தண்டனை. கேட்கும்போது சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால், வறியவன், பெண், முகாம்வாசி ஆகியோரின் மனச்சாட்சி மற்றவர்களின் மனச்சாட்சியைவிட ஒரு படி குறைவானது, அதற்குக் காவல் போட வேண்டும் என்றல்லவா அது சொல்லுகிறது? கொழும்பில் வசதியுள்ள ஒருவர் மதம் மாறினால் அது தேடல். லயத்துப் பெண் மாறினால் அது அரிசிக்காக. இந்த எண்ணம் சட்டமூலத்தில் மட்டும் இருக்கவில்லை. எமது குருமனைகளிலும் இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால் நாமும் உடனே, "அங்கே என்ன கொடுத்தார்கள்?" என்றுதான் கேட்கிறோம்.

சட்டமூலத்துக்கு எதிராகக் கிறிஸ்தவ சபைகளும் பிறரும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். பலவந்தத்தையும் வஞ்சகத்தையும் தடுப்பது ஏற்கத்தக்கது, ஆனால் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்ற பிரிவுகள் அரசியலமைப்பின் பத்தாம் உறுப்புரைக்கு முரணானவை, அவற்றை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்று அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் தீர்மானம் வந்தது. சட்டமூலம் சட்டமாகவில்லை. நான்கு மாதங்களில் ஆழிப்பேரலை வந்தது. கரையோர முகாம்களில் நிவாரணத்தோடு சமயத்தைக் கலந்த சிலரின் செயலால் அதே குற்றச்சாட்டு மீண்டும் எழுந்தது.

இதற்கு முந்திய ஆண்டில், 2003இல், மென்சிங்கன் திருச்சிலுவை அருட்சகோதரிகள் தமது சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கக் கேட்டபோது நிலைமை வேறாக இருந்தது. போதிக்கலாம், சேவையும் செய்யலாம், ஆனால் சமயத்தைப் பரப்புவதையும் பொருள் உதவியையும் ஒன்றாகச் சேர்ப்பது அரசியலமைப்புக்கு இசையாது என்ற போக்கில் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2005 ஒக்டோபரில் இது சகோதரிகளின் மதச் சுதந்திரத்தை மீறியது என்று கண்டது. நாமும் அப்படியே கருதுகிறோம். ஆயினும் அந்த வழக்கின் பின்னால் இருந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. தமிழ்நாட்டிலும் 2002இல் இத்தகைய தடைச் சட்டம் வந்து, 2004 தேர்தல் தோல்வியை அடுத்து விலக்கப்பட்டது. சட்டம் வந்தாலும் போனாலும், வறியவரிடம் போய் என்ன செய்கிறோம் என்ற கேள்வி கொடுக்கிறவரை விட்டுப் போகாது.

எமது வீட்டுக் கணக்கு

பெரும்பான்மையினர் ஏன் அஞ்சுகிறார்கள் என்று எமது மக்கள் சிலர் கேட்கிறார்கள். பழைய கணக்கைப் புரட்டினால் விளங்கும். ஒல்லாந்தர் காலத்தில் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெறாதவருக்குத் திருமணப் பதிவும் சொத்துரிமையும் பதவியும் எட்டாதவையாக இருந்தன. தோம்பில் பெயரை எழுதிவிட்டு வீட்டில் சிவனைக் கும்பிட்டவர்கள் யாழ்ப்பாணத்தில் ஆயிரக்கணக்கில். நம்பிக்கையை விலைக்கு வாங்கினால் கிடைப்பது அதுதான். தோட்டங்களில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். அங்கே போதித்தவர்களில் நல்லவர்கள் பலர் இருந்தார்கள். பள்ளிக்கூடங்களும் வந்தன. ஆனால் பெரட்டுக்களத்தில் பெயர் வெட்டுகிற கையும் பிரசங்கத்துக்குப் பணம் கொடுக்கிற கையும் ஒன்றாக இருந்தால், கொழுந்து பறிக்கிற பெண் அந்தப் பிரசங்கத்தை எந்தக் காதால் கேட்டிருப்பாள்?

கத்தோலிக்கரான எமக்கு இன்னொரு நினைவும் உண்டு. அதே ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமார் நாட்டுக்குள் வரத் தடை இருந்தது. கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் 1687இல் யாழ்ப்பாணம் வந்தார் ஜோசப் வாஸ் அடிகளார். 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றர் என்று சிறை வைத்தார்கள். பின்னர் பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்கும் அவரது மக்களுக்கும் நிழல் கொடுத்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது வீடுகளில் கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போய் அடிகளார் பணி செய்தார். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எமது தோட்டங்களிலிருந்தும் பஸ் பிடித்துப் போனார்கள். இடம்பெயர்ந்த சிறுபான்மையாக வந்து, பிற மதத்தவரின் நிழலில் பிழைத்த ஒரு சமூகம் நாம். இதை எமது மறைக்கல்வி வகுப்புகளில் போதியளவு சொல்லுகிறோமா என்பது சந்தேகமே.

திருச்சபையின் போதனை இதில் தெளிவு. 1965 டிசெம்பர் 7ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமய சுதந்திரம் பற்றிய அறிக்கை, விசுவாசத்தைப் பரப்பும்போது வற்புறுத்தலோ நேர்மையற்ற தூண்டுதலோ கூடாது என்கிறது. குறிப்பாக வறியவரிடமும் கல்வி குறைந்தவரிடமும் கூடாது என்று எடுத்துச் சொல்லுகிறது. 1994இல் செஞ்சிலுவைச் சங்கமும் கரித்தாஸ் உட்பட்ட பெரிய உதவி நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய நடத்தைக் கோவை, உதவியை எந்தச் சமய, அரசியல் நிலைப்பாட்டை வளர்க்கவும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005இல் எழுதிய முதற் சுற்றுமடலிலும் அதையே சொன்னார்.

1972இல் பதுளை மறைமாவட்டம் அமைந்தபோது முதல் ஆயராக வந்த லியோ நாணயக்கார ஆண்டகை இதை ஏட்டில் விடவில்லை. அவர் பண்டாரவளையில் தொடங்கிய 'சேவக செவன' பயிற்சி இல்லத்தில், குருமாணவர்கள் சிங்களக் கிராமத்தையும் தமிழ்த் தோட்டத்தையும் அந்தந்த மக்களின் மொழியில் அறிய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கத்தோலிக்கர் மிகச் சிறு தொகையினராக உள்ள மறைமாவட்டத்தில் எண்ணிக்கையைப் பெருக்குவதை அவர் முதல் வேலையாகக் கொள்ளவில்லை. அதைக் குறை சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

லயத்துக்குள்ளே

கொடுக்கிறவரைப் பற்றி இவ்வளவு சொன்னோம். அக்கம்பக்கத்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா வழிபாடு மாத்திரம் அல்ல. கரகம் பாலிப்பதும், தீமிதியும், உறவினர் வந்து சேர்வதும், வருடத்தில் ஒரு நாள் துரையும் கீழே இறங்கி நிற்பதும் எல்லாம் சேர்ந்ததுதான் திருவிழா. சில தோட்டங்களில் அதற்கான பணம் சம்பளத்திலேயே கழிக்கப்படுகிறது. ஒரு குடும்பம் சபைக்குப் போனதும், "எங்கள் பணத்தைக் கழிக்காதீர்கள்" என்கிறது. அன்று தொடங்குகிறது பகை. சாவு வீட்டில் தப்பு அடிக்க விடமாட்டோம் என்பார்கள் இவர்கள். எங்கள் மயானத்தில் குழி வெட்ட விடமாட்டோம் என்பார்கள் அவர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு சுவருக்கு இப்புறம் பஜனை, அப்புறம் அல்லேலூயா. இரண்டு பக்கத்துக்கும் ஒலிபெருக்கி வேறு. இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்குப் பொதுவாக இடமில்லை என்று 2007இல் உயர் நீதிமன்றம் ஒரு பள்ளிவாசல் வழக்கில் தீர்த்தது எல்லா மதத்துக்கும் சேர்த்துத்தான்.

இதில் எமது அபிப்பிராயத்தை ஒளிக்கவில்லை. பூசைக்கான பணத்தை விருப்பமில்லாதவரின் சம்பளத்தில் கழிப்பது முறையல்ல. அதே நேரத்தில், "நாங்கள் இரட்சிக்கப்பட்டவர்கள்" என்று சொல்லி மரண உதவிச் சங்கத்திலிருந்தும் தண்ணீர்க் குழாய்ச் சிரமதானத்திலிருந்தும் விலகுவதும் முறையல்ல. பூசை வேறு, தண்ணீர் வேறு. பக்கத்துக் காம்பராக்காரர் கும்பிடுகிற தெய்வத்தைப் பிசாசு என்று மேடை போட்டுச் சொல்வது சுதந்திரத்தின் பெயரால் செய்யப்படும் அவமதிப்பு. மதம் மாறியவரின் பிணத்துக்கு ஆறடி மண் மறுப்பது பாரம்பரியத்தின் பெயரால் செய்யப்படும் கொடுமை. மண் மறுக்கப்படுவதன் வலியை 2020 ஏப்பிரல் முதல் 2021 பெப்ரவரி வரை இந்த நாட்டு முஸ்லிம்கள் அனுபவித்தார்கள். கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. விஞ்ஞான ஆதாரம் இல்லாத அந்தக் கட்டளைக்கு 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அடக்கம் செய்ய விரும்பிய கிறிஸ்தவக் குடும்பங்களும் அந்த வரிசையில் இருந்தன.

ஒழுக்கத்தின் பெயரால் சட்டத்தைத் தவறாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எமது மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், மே மாதத்தில், ஹசலக்கையில் ஒரு முஸ்லிம் பெண் தமது சட்டையில் இருந்த படத்துக்காகக் கைது செய்யப்பட்டு, மகியங்கனை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, வாரக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். தர்மச் சக்கரத்தை அவமதித்தார் என்றார்கள். அது கப்பலின் சுக்கான் சக்கரம். கொல்லப்பட்டவர்கள் எமது மக்கள். ஆனால் எமது துக்கத்துக்காக அந்தப் பெண் சிறைக்குப் போக வேண்டும் என்று நாம் யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குள்ளும் ஒரு வார்த்தை. மகள் வேற்று மதத்தவரைத் திருமணம் செய்ய விரும்பினால் பெற்றோர் மனம் நோவார்கள். அது இயல்பு. புத்தி சொல்லலாம், அழலாம். அடைத்து வைக்கவோ அடிக்கவோ உரிமை இல்லை. பதினெட்டு வயது நிறைந்த இருவர், யாரும் மதம் மாறாமலே, பொதுத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவுத் திருமணம் செய்யலாம். இது தெரியாததால், "பதிவுக்கு முன் மாறியாக வேண்டும்" என்று நம்பி மாறியவர்களையும் நாம் சந்தித்திருக்கிறோம். அத்தகைய மாற்றத்தில் கடவுளுக்கு என்ன பங்கு என்று எமக்கு விளங்கவில்லை.

கையில் இருக்கும் உரிமை

அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதே வசனத்திலேயே மற்ற மதங்களின் உரிமையையும் உறுதி செய்கிறது. பத்தாம் உறுப்புரை, சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தையும், விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் மேற்கொள்ளவும் உள்ள சுதந்திரத்தையும் பிரஜைகளுக்கு மட்டும் அல்ல, ஆள் ஒவ்வொருவருக்கும் தருகிறது. வழிபடவும் போதிக்கவும் உள்ள உரிமை பதினான்காம் உறுப்புரையில் இருக்கிறது. அது பிரஜைகளுக்கானது. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட எம்மவருக்கு 1978 அரசியலமைப்பு அதைப் பத்து வருடத்துக்கு மட்டும் கடன் போலக் கொடுத்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் எஞ்சியவர்களும் பிரஜைகளானார்கள். ஆகவே இன்று எமது மக்களில் எவரிடமும், "நீ யார் இதைக் கேட்க?" என்று ஒரு உத்தியோகத்தர் சொல்ல முடியாது.

முகாமில் இருப்பவர்கள் ஒரு குழு அமைத்துக் கொள்வது நல்லது. அதில் பெண்கள் பாதியாவது இருக்க வேண்டும். எல்லா மதத்தவரும் இருக்க வேண்டும். யார் உதவி கொண்டு வந்தாலும் அது குழுவின் கையில் சேர்ந்து, கிராம உத்தியோகத்தரின் குடும்பப் பட்டியல்படி பங்கிடப்பட வேண்டும். ஜெபமோ பூசையோ பிரித்தோ தடை இல்லை. ஆனால் வேறு நேரத்தில், பொதி கொடுக்கும் இடத்துக்கு அப்பால். பிள்ளைகளை எந்த வகுப்புக்கும் பெற்றோரைக் கேட்காமல் அழைத்துப் போகக் கூடாது. எமது பங்குக் குழுக்கள் வந்தாலும் இதே நிபந்தனையைச் சொல்லுங்கள். எவராவது பொதிக்குப் பதில் உங்கள் மதத்தைக் கேட்டால், குழுவிடமும் பிரதேச செயலகத்திடமும் சொல்லுங்கள்.

மதத்தைக் காரணம் காட்டி அரச அதிகாரி ஒருவர் நிவாரணப் பட்டியலிலோ வீட்டுப் பட்டியலிலோ பெயரை விட்டுவிட்டால் அது அடிப்படை உரிமை மீறல். உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குப் பதுளையில் பிராந்தியக் காரியாலயம் உண்டு. தமிழில் எழுதிக் கொடுக்கலாம். சம்பவம் நடந்த திகதியையும், அப்போது கூட இருந்த இருவரின் பெயரையும் அன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கொடுத்த கடிதத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.